ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: எந்தப் பரிசோதனையை எப்போது நம்பலாம்?

கொட்டிலில் ஒரு பன்றிக்குக் கடும் காய்ச்சல். தீனிப் பக்கமே போகவில்லை. காது நுனி சிவந்து நீலம் பாய்ந்திருக்கிறது. மறுநாள் பக்கத்தில் கிடந்த இன்னொன்றும் எழுந்திருக்கவில்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருக்குமோ என்ற பயம் வந்தவுடன் பண்ணைக்காரர்களும் களத்தில் நிற்கும் கால்நடை மருத்துவர்களும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். ரேபிட் கிட் வைத்து இங்கேயே பார்த்துவிடலாமா? வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதா? எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா மலிவாயிற்றே, எல்லாப் பன்றிக்கும் அதையே செய்துவிட்டால் என்ன? செத்ததை அறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் இது. 2007இல் ஜார்ஜியாவுக்குள் நுழைந்த வைரஸ் 2018இல் சீனாவை எட்டியது. அதற்குப் பிறகு ஆசியாவில் நாடு நாடாகப் பரவிவிட்டது. மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது. தடுப்பூசிக்கு வியட்நாம் போன்ற மிகச் சில நாடுகளில்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் பண்ணையை அடைப்பது ஒன்றுதான் இப்போதைக்கு வழி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உலக விலங்கு சுகாதார அமைப்பின் பட்டியலில் உள்ள நோய். பெரும்பாலான நாடுகளில் சந்தேகம் வந்தாலே அரசுக் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கீழே சொல்லும் எந்தப் பரிசோதனையும் அந்தத் தகவலுக்கு மாற்று கிடையாது. முடிவு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கும் இரண்டு நாளில்தான் பன்றியும் வண்டியும் ஆளும் வெளியே போய்விடுகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

எந்தப் பரிசோதனை சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. நான் முதலில் பார்ப்பது, பன்றி நோயின் எத்தனையாவது நாளில் இருக்கிறது என்பதைத்தான்.

வைரஸ் உள்ளே போன பிறகு நோய் வெளியே தெரிய 4 முதல் 19 நாள் வரை ஆகலாம். காய்ச்சல் தொடங்குவதையொட்டி இரத்தத்தில் வைரஸ் பெருகுகிறது. கடுமையான நோயில் ஒரு மில்லி இரத்தத்தில் கோடிக்கணக்கான வைரஸ் இருக்கும். வைரஸை எதிர்த்துப் பன்றியின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் தலைகாட்டுவதற்கோ தொற்றிய நாளிலிருந்து 7 முதல் 10 நாள் ஆகும். வீரியமான வைரஸ் தாக்கிய பன்றிகள் பலவும் அதற்குள்ளாகவே, இல்லாவிட்டால் அதற்குச் சற்றுப் பின்னால், செத்துவிடுகின்றன. இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வைரஸைத் தேடும் பரிசோதனைகள் ஒரு காலத்துக்கு, எதிர்ப்பொருளைத் தேடுபவை வேறொரு காலத்துக்கு.

அடுத்தது, எந்தப் பிழை அதிகம் கெடுக்கும் என்பது. நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வந்தால் ஊர் முழுக்கப் பரவும். நோய் இல்லாமல் ‘உண்டு’ என்று வந்தால் நல்ல பன்றிகளைக் கொல்ல நேரிடும். சாவு விழும் பண்ணையில் முதல் பிழை பயங்கரம். நோயே இல்லாத பகுதியில் ஆயிரக்கணக்கான பன்றிகளைச் சோதிக்கும்போது இரண்டாவது பிழை பெரிதாகிவிடும்.

நேரத்தையும் முழுதாகக் கணக்கிட வேண்டும். கருவி ஓடும் நேரம் மட்டும் நேரமாகாது. மாதிரி எடுத்து, குளிரில் வைத்து, ஆய்வகம் சேர்ந்து, வரிசையில் காத்து, அறிக்கை கைக்கு வரும்வரை உள்ளதெல்லாம் சேர்ந்ததுதான் நேரம். செலவும் அப்படித்தான். கிட்டின் விலை கண்ணுக்குத் தெரியும். கெட்டுப்போன மாதிரியால் மறுபடி அனுப்புவதும், மாதிரி எடுக்கும்போது சிந்திய இரத்தத்தால் அடுத்த கொட்டிலுக்குப் பரவுவதும் தெரியாது. கடைசியாக, அந்த முடிவை அதிகாரிகள் ஏற்பார்களா என்று பார்க்க வேண்டும். பண்ணையை அடைப்பதும் இழப்பீடு தருவதும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முடிவை வைத்துத்தான் நடக்கும்.

## கண்ணால் பார்ப்பதும் அறுத்துப் பார்ப்பதும்

அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எல்லாச் சந்தேகமும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே முடிக்கக் கூடாது. 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், தோல் சிவப்பு, இரத்தக் கழிச்சல், கருச்சிதைவு, திடீர்ச் சாவு ஆகிய எல்லாமே சாதாரணப் பன்றிக் காய்ச்சலிலும் வரும். அது முற்றிலும் வேறு குடும்பத்து வைரஸ். அதற்கு நல்ல தடுப்பூசியே இருக்கிறது. இனப்பெருக்கத்தையும் மூச்சையும் பாதிக்கும் பிஆர்ஆர்எஸ் என்ற வைரஸ் நோயின் வீரியமான வகை, சால்மோனெல்லா, எரிசிபெலாஸ் எல்லாமே இதே முகத்தைக் காட்டக்கூடியவை. இவற்றில் எரிசிபெலாஸ் பாக்டீரியா நோய். பென்சிலினுக்குக் கேட்கும். அதை ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்று முடிவுகட்டினால் பிழைக்கக்கூடிய பன்றிகள் போகும். இதை எரிசிபெலாஸ் என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தால் பண்ணையே போகும்.

உள்ளே தெரியும் மாற்றங்கள் இன்னும் அழுத்தமானவை. பன்றியின் மண்ணீரல் சாதாரணமாக ஒடுக்கமான நீண்ட பட்டைபோல இருக்கும். இந்த நோயில் அது பல மடங்கு வீங்கி, விளிம்பு மழுங்கி, கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் உதிரும் பதத்துக்கு வந்துவிடும். இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் அருகிலும் சிறுநீரகத்தை ஒட்டியும் உள்ள நிணநீர்க் கணுக்கள் உறைந்த இரத்தக் கட்டி மாதிரி தெரியும். சிறுநீரகத்தின் மேல் ஊசிமுனைப் புள்ளிகள். இத்தனையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் மிகவும் வலுக்கும். ஆனால் மிக வேகமாகச் செத்த பன்றியில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல் போகலாம்.

இந்த முறைக்குக் கட்டணம் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். உண்மையில் எல்லாவற்றிலும் ஆபத்தான செலவு இதில்தான் ஒளிந்திருக்கிறது. வைரஸ் நிறைந்த இரத்தம் தரையில், கத்தியில், காலணியில், வடிகாலில் போய்ச் சேர்கிறது. குளிர்ந்த இரத்தத்தில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சந்தேகம் உள்ள இடத்தில் திறந்த வெளியில் முழுதாக அறுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செத்த பன்றியின் இதயத்தில் ஊசி செலுத்தி இரத்தம் எடுக்கலாம். காதில் உள்ள இரத்த நாளத்தைச் சிறிதாகக் கீறி, ஸ்வாபில், அதாவது பஞ்சு சுற்றிய குச்சியில், ஒற்றி எடுக்கலாம். தொடையிடுக்கில் தோலுக்கு அருகில் உள்ள நிணநீர்க் கணுவைச் சின்னக் கீறலில் எடுத்துவிடலாம். பிசிஆருக்கு இதுவே போதும்.

## பிசிஆர்

சாவு விழுந்துகொண்டிருக்கும் பண்ணைக்கு என் தேர்வு இதுதான். இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்லத் தோன்றவில்லை. ரியல்டைம் பிசிஆர் வைரஸின் மரபணுத் துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கித் தேடுகிறது. அதிகம் தேடப்படுவது பி72 என்ற புரதத்துக்கான மரபணு. வைரஸின் எல்லா வகைகளிலும் அது அதிகம் மாறாமல் இருப்பதால் எந்த நாட்டு வைரஸானாலும் சிக்கும். எதிர்ப்பொருள் உண்டாகும் முன்பே கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இது டிஎன்ஏ வைரஸ், எளிதில் அழியாது. அழுகத் தொடங்கிய உடலிலிருந்து எடுத்த திசுவிலும், காட்டுப்பன்றியின் பழைய எலும்பு மஜ்ஜையிலும்கூட மரபணு கிடைத்துவிடும். நல்ல மாதிரி இல்லையே என்று கைவிட வேண்டியதில்லை.

மாதிரியில் கவனிக்க வேண்டியது குழாய். உயிருள்ள பன்றி என்றால் இரத்தத்தை உறையவிடாத இடிடிஏ குழாயில் முழு இரத்தம். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது பிசிஆர் வினையைத் தடுத்துப் பொய்யான ‘இல்லை’யைக் கொடுக்கலாம். செத்த பன்றி என்றால் மண்ணீரலோ நிணநீர்க் கணுவோ இரத்த ஸ்வாபோ எடுக்கலாம். ஃபார்மலினில் போட்டால் வைரஸை வளர்த்துப் பார்க்கும் வாய்ப்பே போய்விடும். பிசிஆருக்கும் அது நல்லதில்லை. ஒவ்வொரு பன்றிக்கும் புது ஊசி. நோய்க்காகப் பார்க்கப் போய் நாமே நோயை ஏற்றிவிடக் கூடாது.

எத்தனை பன்றியிலிருந்து எடுப்பது? பெரிய மந்தையில் நூற்றுக்குப் பத்துப் பன்றிக்கு நோய் இருந்தால், அதில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க, குலுக்கல் முறையில் 29 பன்றிகளைச் சோதிக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்துதான் என்றால் 59. ஆனால் இந்த நோய் கொட்டிலுக்குள் நுழைந்தவுடன் காட்டுத்தீயாகப் பரவுவதில்லை. முதல் சில நாட்கள் ஒரே அறையில் ஒன்றிரண்டு பன்றியோடு நிற்கும். நல்ல பன்றிகளைக் குலுக்கலில் எடுத்துச் சோதித்தால் நழுவிப்போகும் வாய்ப்பே அதிகம். செத்தவை, காய்ச்சலில் கிடப்பவை, இவற்றை ஒன்றுவிடாமல் எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் உள்ள பண்ணைகளில் வாராவாரம் முதலில் சாகும் பன்றிகளைச் சோதிக்கும் வழக்கம் இந்தக் காரணத்துக்காகத்தான்.

செலவைக் குறைக்க ஐந்து பன்றிகளின் இரத்தத்தை ஒன்றாகக் கலந்து சோதிக்கலாமா என்று கேட்பார்கள். கலக்கும்போது வைரஸின் செறிவு ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. பிசிஆரில் அது ஏறத்தாழ 2.3 சுற்றுகள் தள்ளிப்போவதற்குச் சமம். கடுமையான நோயில் வைரஸ் மலைபோல் இருப்பதால் இந்தத் தள்ளல் பொருட்டே இல்லை. நாள்பட்ட, இரத்தத்தில் வைரஸ் மெலிந்த பன்றிகளில் இதே கலவை நோயை மறைத்துவிடலாம். ஆகவே செத்தவற்றைக் கலக்கலாம், நாள்பட்டவற்றைக் கலக்கக் கூடாது.

அறிக்கையில் வரும் சிடி மதிப்பையும், அதாவது எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற எண்ணையும், கேட்டு வாங்குங்கள். எண் சிறிதாக இருந்தால் வைரஸ் அதிகம், சுமார் 3.3 கூடினால் பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். 18 என்று வந்தால் பேச்சே இல்லை. 36 என்று வந்தால் யோசிக்க வேண்டும். தொற்று இப்போதுதான் தொடங்குகிறதா, பிழைத்த பன்றியில் மிச்சமிருக்கும் டிஎன்ஏவா, மாதிரி கெட்டுவிட்டதா, ஆய்வகத்தில் பக்கத்துக் குழாயிலிருந்து தெறித்ததா? அதே பன்றியிடம் சில நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெளியும். அதுவரை பண்ணை அடைபட்டே இருக்கட்டும்.

பிசிஆருக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. உயிருள்ள வைரஸா செத்த வைரஸா என்று அதற்குத் தெரியாது. கிருமிநாசினி அடித்த சுவரிலிருந்து எடுத்த ஸ்வாபில் ‘உண்டு’ என்று வந்தால், வைரஸ் உயிரோடு இருக்கிறது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வீரியம் குறைத்த உயிர்த் தடுப்பூசி போட்ட பகுதியில் பி72 பிசிஆர் ஊசி வைரஸையும் நோய் வைரஸையும் ஒன்றாகவே காட்டும். ஊசி வைரஸில் நீக்கப்பட்ட மரபணுவைத் தனியாகத் தேடும் இன்னொரு பிசிஆர் அங்கே கட்டாயம்.

மறைந்த செலவு என்றால் குளிர்ச் சங்கிலி, கசியாத மூன்றடுக்குப் பொதி, தூரம். கருவி ஓட அரை நாள் போதும். வழியில்தான் இரண்டு நாள் போகிறது. அப்புறம் ஒரு யோசனை: அதே மாதிரியில் சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கும் பார்க்கச் சொல்லிப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். அது ஆர்என்ஏ வைரஸ் என்பதால் பிரித்தெடுக்கும்போதே ஆய்வகம் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். ஒன்று ‘இல்லை’ என்று வந்த பிறகு இன்னொன்றைக் கேட்டால் பண்ணைக்காரர் இன்னும் ஒரு வாரம் இருட்டில் இருப்பார்.

கையடக்கப் பிசிஆர் கருவிகளும், 60 முதல் 65 டிகிரியில் ஒரே வெப்பத்தில் ஓடும் லேம்ப் முறையும் களத்துக்கு வந்துவிட்டன. பயிற்சி பெற்ற அரசுக் குழு கையில் இருந்தால் மிக நல்லவை. மாதிரியைத் தயாரிக்கும் இடமும் கருவி ஓடும் இடமும் ஒன்றாகிவிடும் களத்தில் மாசு கலப்பதுதான் பெரிய தொல்லை. ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர் வைத்த ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் ‘உண்டு’ என்று வந்தால் அன்றைய முடிவு எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

## ரேபிட் கிட்

ஒரு சொட்டு இரத்தம், கொஞ்சம் கரைசல், 15 நிமிடம், இரண்டு கோடு. இதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. ஆய்வகம் எட்டாத இடத்தில் சாவு விழும்போது கையில் ஏதாவது ஒன்று வேண்டும்.

வாங்கும்போதே ஒரு கண்ணி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் பட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆன்டிஜெனை, அதாவது வைரஸின் புரதத்தையே தேடுவது. இன்னொன்று எதிர்ப்பொருளைத் தேடுவது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடக்கும் பன்றிக்கு எதிர்ப்பொருள் பட்டையை வைத்தால் ‘இல்லை’ என்றுதான் வரும். பட்டையில் குற்றமில்லை, கேட்ட கேள்வி தவறு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஆன்டிஜென் பட்டை வைரஸ் இரத்தத்தில் உச்சத்தில் இருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். பிசிஆர் போல மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் வேலை இதில் இல்லை என்பதால், வைரஸ் குறைவாக உள்ள தொடக்க நாளில் கோட்டை விடும். எதிர்ப்பொருள் வந்த பிறகு அது ஆன்டிஜெனைக் கட்டிப்போட்டுவிடுவதால் அப்போதும் விடும். பழைய, கரைந்துபோன இரத்தம் பட்டையில் சிவப்பாகப் பரவி, மெல்லிய கோடு உண்டா இல்லையா என்று தெரியாமல் செய்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டை நோயுள்ள பத்துப் பன்றியில் ஆறைத்தான் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள ஒரு பன்றியை மட்டும் பார்த்தால், அதைத் தவறவிட 40 சதவீத வாய்ப்பு. அதே பட்டையில் நோயுள்ள ஐந்து பன்றிகளைப் பார்த்தால், ஐந்திலும் தவற 1 சதவீதம்தான் வாய்ப்பு. ஆகவே ஒரு பன்றியின் நோயை முடிவுசெய்ய இது உதவாது. ஒரு பண்ணையில் நோய் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க, பல நோயாளிப் பன்றிகளில் செய்தால் உதவும். ஐந்தும் காய்ச்சலின் முதல் நாளில் இருந்தால் இந்தக் கணக்கும் பலிக்காது, எல்லாமே ஒரே காரணத்துக்காகத் தவறும். காய்ச்சல் வந்து சில நாள் ஆனவற்றையும் புதிதாகச் செத்தவற்றையும் எடுப்பது அதனால்தான் முக்கியம்.

காவல் நாய் குரைத்தால் எழுந்து போய்ப் பார்க்கிறோம். குரைக்கவில்லை என்பதற்காகக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதில்லை. பட்டையையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்தால் உடனே அடைப்பு, தகவல், பிசிஆர். விழாவிட்டாலும் அடைப்பு, தகவல், பிசிஆர். ‘இல்லை’ என்று வந்ததை வைத்துப் பன்றிகளை விற்றுவிடுவதுதான் இந்தக் கிட்டின் மிகப் பெரிய மறைமுகச் செலவு. அதை அந்தப் பண்ணை மட்டும் கொடுப்பதில்லை, வாங்கியவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

பயன்படுத்திய பட்டையும் ஊசியும் தொற்றுப் பொருள்தான் என்பதை மறக்க வேண்டாம். சில நாடுகளில் தனியார் இவற்றைப் பயன்படுத்தவே அனுமதி இல்லை. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

## எலைசாவும் அதை உறுதிசெய்யும் முறைகளும்

எலைசா எதிர்ப்பொருளைத் தேடுகிறது. இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் போதும். 96 குழிகள் கொண்ட ஒரே தட்டில் பல பத்துப் பன்றிகளை ஒரே நாளில் பார்க்கலாம். ஒரு மாதிரிக்கான செலவு பிசிஆரைவிடக் குறைவு. இதனால்தான் ‘எல்லாப் பன்றிக்கும் எலைசா’ என்ற ஆசை வருகிறது.

சாவு தொடங்கிய வாரத்தில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். நோயின் நடுவில் இருக்கும் பன்றிக்கு எதிர்ப்பொருளே இருக்காது. ஐம்பது மாதிரி அனுப்பி ஐம்பதும் ‘இல்லை’ என்று வந்து, நிம்மதியோடு பன்றிகளை நகர்த்தினால் நோயும் கூடவே நகரும்.

எலைசாவின் இடம் வேறு. வீரியம் குறைந்த வைரஸ் சுற்றும் பகுதிகளில் பன்றிகள் கொத்தாகச் சாவதில்லை. மெலிவு, மூட்டு வீக்கம், தோல் புண், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அங்கங்கே கருச்சிதைவு என்று நோய் மாதக்கணக்கில் இழுக்கும். இரத்தத்தில் வைரஸ் ஒரு நாள் இருக்கும், இன்னொரு நாள் இருக்காது. பிசிஆர் மட்டும் செய்தால் தவறும். சீனாவில் 2021இல் இப்படிப்பட்ட வீரியம் குறைந்த வகைகள் தெரியவந்தபோது எதிர்ப்பொருள் பரிசோதனையின் மதிப்பு பலருக்கும் புரிந்தது. எதிர்ப்பொருள் பல மாதங்கள் நிலைத்து நிற்பதால், கடந்த காலத்தைச் சொல்லும் சாட்சியாக அது இருக்கிறது. வேட்டையில் கிடைக்கும் காட்டுப்பன்றிகளில் எலைசா செய்தால் வைரஸ் அந்தப் பகுதியில் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று ஊகிக்க முடியும்.

பிசிஆரையும் எலைசாவையும் சேர்த்துப் படிக்கும்போது கதை முழுமையாகிறது. பிசிஆர் உண்டு, எதிர்ப்பொருள் இல்லை என்றால் நோய் புதிது. இரண்டும் உண்டு என்றால் ஒரு வாரத்துக்கு மேலான நோய், நாள்பட்டதாகவும் இருக்கலாம். பிசிஆர் இல்லை, எதிர்ப்பொருள் உண்டு என்றால் பிழைத்த பன்றியாக இருக்கலாம். பால்குடிக்கும் குட்டி என்றால் தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் ஒன்று நோயில்லை, அல்லது தொற்றி ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது.

பொய்யான ‘உண்டு’ எலைசாவில் ஒரு நிஜமான தொல்லை. கெட்டுப்போன, இரத்தம் கரைந்த சீரம் அதை அதிகமாக்கும். மாதிரி நன்றாகவே இருந்தாலும் கணக்கு விடாது: 99 சதவீதம் துல்லியமாக ‘இல்லை’ சொல்லும் ஒரு பரிசோதனையை ஆயிரம் ஆரோக்கியமான பன்றிகளில் செய்தால் பத்துப் பன்றிகள் வீணாகச் சந்தேகத்தில் விழும். ஆகவே எலைசாவில் மட்டும் ‘உண்டு’ என்று வந்ததை இம்யூனோபெராக்சிடேஸ் அல்லது மறைமுக ஒளிர் எதிர்ப்பொருள் முறையால் உறுதிசெய்யாமல் எந்தப் பன்றியையும் கொல்லக் கூடாது. அந்த உறுதிசெய்யும் நாட்களும் எலைசாவின் செலவில் சேர்ந்தவைதான்.

## வைரஸை வளர்த்துப் பார்ப்பது, ஒளிரவைத்துப் பார்ப்பது

பண்ணைக்காரர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை பெரும்பாலும் வராது. ஆனால் அறிக்கையில் பெயர் வரும், என்னவென்று தெரிந்திருக்கட்டும்.

உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் பன்றியின் வெள்ளணுக்களை வளர்த்து, அதில் மாதிரியை இட்டு, பன்றியின் சிவப்பணுக்களையும் சேர்ப்பார்கள். வைரஸ் புகுந்த அணுவைச் சுற்றிச் சிவப்பணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் ஒரு பெரிய அணு, சுற்றிலும் இதழ் வைத்தாற்போலச் சிவப்பணுக்கள். அதைக் கண்டால் உயிருள்ள வைரஸ் இருக்கிறது என்று உறுதி. ஒரு நாட்டில் முதன்முதலாக நோய் தென்படும்போதும், புது வகை வைரஸை ஆராயும்போதும் இதைத் தவிர்க்க முடியாது. நாள்கள் பிடிக்கும், மாதிரி குளிரில் கெடாமல் வந்திருக்க வேண்டும், சில வகை வைரஸ் சிவப்பணுக்களை ஒட்டவைப்பதே இல்லை. அந்த வகைகளுக்குப் பிசிஆரைத்தான் திரும்ப நாட வேண்டும்.

ஒளிர் எதிர்ப்பொருள் முறையில் மண்ணீரலையோ நிணநீர்க் கணுவையோ கண்ணாடித் தகட்டில் ஒற்றி, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளால் வைரஸின் புரதத்தைக் காண்பார்கள். சில மணி நேரத்தில் முடியும், மலிவு. கடுமையான நோயில் நம்பகமானது. நோய் நாள்பட்டால் பன்றியின் சொந்த எதிர்ப்பொருளே வைரஸ் புரதத்தை மூடிவிடுவதால் பாதிக்கு மேல் தவறவிடும். பிசிஆர் வசதி இல்லாத ஆய்வகத்தில், புதிதாகச் செத்த பன்றிக்கு நல்ல மாற்று.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| முறை | தேடுவது | பொருத்தமான காலம் | முடிவுக்கு ஆகும் நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| அறுத்துப் பார்ப்பது | உறுப்பு மாற்றங்கள் | கடுமையான நோயில் செத்தவை | உடனே | இரத்தம் சிந்திப் பரவுவது. மற்ற நோய்களோடு குழப்பம் |
| ரியல்டைம் பிசிஆர் | வைரஸ் மரபணு | காய்ச்சல் தொடக்கம் முதல், செத்த பிறகும் | அரை நாள், பயணம் தனி | குளிர்ச் சங்கிலி, மாசு, தடுப்பூசி வைரஸோடு குழப்பம் |
| ஆன்டிஜென் பட்டை | வைரஸ் புரதம் | வைரஸ் உச்சத்தில் உள்ள நாட்கள் | சுமார் 15 நிமிடம் | பொய்யான ‘இல்லை’ தரும் நிம்மதி |
| எலைசா | எதிர்ப்பொருள் | 7 முதல் 10 நாளுக்குப் பிறகு, மாதங்கள் வரை | ஒரு நாள் | உறுதிசெய்யும் பரிசோதனை. தொடக்க நோய் தெரியாது |
| ஒளிர் எதிர்ப்பொருள் | திசுவில் வைரஸ் புரதம் | கடுமையான நோய் | சில மணி நேரம் | நாள்பட்டதில் தவறும். பழகிய கண் வேண்டும் |
| வைரஸ் வளர்ப்பு | உயிருள்ள வைரஸ் | கெடாத மாதிரி இருக்கும்போது | பல நாட்கள் | உயர் பாதுகாப்பு ஆய்வகம் |

## உங்கள் நிலைமை எது?

திடீர்க் காய்ச்சல், சாவு. ஆய்வகம் ஒரு நாள் தூரத்தில். தகவல், அடைப்பு, இடிடிஏ இரத்தமோ இரத்த ஸ்வாபோ எடுத்துப் பிசிஆர். வேறு எதிலும் பணமும் நேரமும் போட வேண்டாம்.

அதே நிலைமை, ஆய்வகம் எட்டாத் தொலைவில். ஆன்டிஜென் பட்டைக்கு உரிய இடம் இதுதான். நோயுள்ள பல பன்றிகளில் செய்யுங்கள். ஒன்றில் கோடு விழுந்தாலும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளை இன்றைக்கே எச்சரிக்கலாம். பிசிஆர் முடிவுக்காக மூன்று நாள் காத்திருக்க வேண்டியதில்லை. மாதிரியும் அன்றைக்கே கிளம்பட்டும்.

சாவு குறைவு, ஆனால் மாதக்கணக்கில் ஏதோ சரியில்லை. பிசிஆரும் எலைசாவும் சேர்த்து, மெலிந்தவற்றிலும் கருச்சிதைந்த தாய்ப்பன்றிகளிலும், சில வாரம் விட்டு இரண்டு முறை. இங்கே ஒன்றை மட்டும் எடுத்துச் செலவைக் குறைப்பது வீண்.

புதுப் பன்றி வாங்கும்போது. வந்த அன்றே ஒரு பரிசோதனை செய்து கையெழுத்துப் போட்டு மந்தையில் விடுவது பரவலான பழக்கம். முந்தின நாள் தொற்றிய பன்றியில் அன்றைக்கு எதுவுமே தெரியாது. தனிக் கொட்டிலில் ஒரு மாதம் வையுங்கள். இடையில் காய்ச்சல் வந்தால் உடனே பிசிஆர். பரிசோதனைக்கு ஒரு முறைதான் பணம் இருக்கிறது என்றால் அதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டு எலைசாவும் பிசிஆரும் சேர்த்துச் செய்யுங்கள்.

நோயில்லாத பெரிய பண்ணையில் தொடர் கண்காணிப்பு. சாகும் பன்றிகளைப் பிசிஆரில் பார்ப்பதே முதல் காவல். பருத்திக் கயிற்றைத் தொங்கவிட்டு, பன்றிகள் மென்ற எச்சிலைப் பிழிந்து சோதிக்கும் முறையும் உண்டு. பன்றியைப் பிடித்து வதைக்க வேண்டாம் என்பது அதன் நன்மை. எச்சிலில் வைரஸ் இரத்தத்தைவிடக் குறைவு, காய்ச்சலில் கிடக்கும் பன்றி கயிற்றுப் பக்கமே வராது. கூடுதல் கண்ணாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பியிருக்க முடியாது.

நோய் வந்து போன பண்ணையில் மறுபடி பன்றி விடும்போது. சுவரையும் தரையையும் பிசிஆரில் பார்ப்பதால் முழுத் தெளிவு கிடைக்காது, செத்த வைரஸின் டிஎன்ஏவும் அதில் காட்டும். சுத்தம்செய்து, காலியாகப் போட்டு வைத்த பிறகு, எதிர்ப்பொருள் இல்லாத சில பன்றிகளை மட்டும் முதலில் விடுங்கள். கொட்டிலின் எல்லா மூலைகளிலும் அவை புழங்க வேண்டும். நாள்தோறும் வெப்பம் பார்த்து, காய்ச்சல் கண்டதைப் பிசிஆரில் சோதித்து, நோய் வெளிப்படும் காலம் முழுக்கக் கடந்த பிறகு எல்லாவற்றுக்கும் எலைசா செய்யுங்கள். இடையில் ஒரு பன்றி செத்தால், அது கால் முறிந்து செத்தது என்றே தெரிந்தாலும், அதன் இரத்தம் பிசிஆருக்குப் போக வேண்டும்.